இருபது பிரேம் தள்ளி இருக்கும் குரல்

1941-ல் வந்த ‘சபாபதி’ எனக்குச் சொந்த ஊர்ப் படம் மாதிரி. ஏ.டி.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அதை இயக்கிய ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். பின்னால் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தவரும் அவர்தான். முதலாளி பெயர் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர்.ராமச்சந்திரன் முதலாளி, காளி என்.ரத்தினம் வேலைக்காரன். எங்கள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க, டென்ட் கொட்டகையில் பார்த்த படம்.

இப்போது நல்ல பிரதி ஒன்றில் மறுபடி பார்த்தேன். வேலைக்காரன் பதில் சொல்வதற்கு முன் முழிக்கிற முழி சில இடங்களில் புதிதாகத் தெரிந்தது. கொட்டகையில் அது எங்கே போயிருந்தது? பிலிம் ஓடும் விதத்தில்தான் பதில் இருக்கிறது.

35 மி.மீ. பிலிமில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு பிரேமும் புரொஜக்டரின் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒலிக்கு இந்த நின்று நின்று போகிற வேலை ஆகாது, சத்தம் திக்கும். அதனால் ஒலியைப் படிக்கும் பகுதி கீழே தள்ளி இருக்கிறது. அங்கே கனமான சக்கரம் ஒன்று பிலிமைச் சீராக ஓட்டும். பிலிமின் ஓரத்தில் உள்ள ஒலித்தடத்தின் மேல் ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் மெல்லிய கோடாக விழும். தடத்தின் அலைக்கேற்ப வெளிச்சம் கூடும், குறையும். போட்டோசெல் அதை மின்சாரமாக்கும், ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இந்த இடைவெளியைச் சரிக்கட்ட, ஒரு காட்சியின் ஒலியை அதற்கு 20 பிரேம் முன்னாலேயே அச்சடிப்பார்கள். நேரக் கணக்கில் 0.83 நொடி.

சரி, பிலிம் அறுந்தால்? கிழிந்த பிரேம்களை ஆபரேட்டர் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை பிலிம் சிமென்ட் தடவி ஒட்டுவார். ஒட்டு ‘டப்’பென்று சத்தம் போடாமல் இருக்க, ஒலித்தடத்தின் மேல் முக்கோணமாகக் கறுப்பு மை பூசுவதும் உண்டு. பத்து பிரேம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டு முதலில் லென்ஸைத் தாண்டும். முகம் சட்டென்று குதிக்கும். ஒலி இன்னும் பழைய இடத்திலேயே ஓடுவதால், அடுத்த 20 பிரேம்களுக்குக் குரல் வாயசைவைவிட 0.4 நொடி பிந்தி வரும். அப்புறம் ஒட்டு கீழே ஒலிப்பகுதிக்கு வந்ததும் சத்தமும் குதித்து, இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, படத்தில் தொலைந்தது ஒரு கணம்; குரலில் தொலைந்தது முக்கால் நொடிக்கு மேல் கழித்து வரவேண்டிய வேறொரு கணம். கேள்வியைக் கேட்டு முழித்த முழி இங்கே போச்சு, அதற்கு அப்புறம் வரும் பதிலின் முதல் சொல் அங்கே போச்சு. சண்டைக் காட்சியில் பத்து பிரேம் போனால் யாருக்கும் தெரியாது. நகைச்சுவையால் அதைத் தாங்க முடியாது. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளியே சராசரியாக 0.2 நொடிதான். அதைவிடக் கொஞ்சம் நீண்ட மௌனம் வந்தால்தான் ‘இவன் என்னவோ சொல்லப் போகிறான்’ என்று நம் காது நிமிரும். அந்த மௌனத்தை வெட்டிவிட்டால், ரத்தினம் மாதிரி நடிகர்கூட கேட்டதற்குப் பதில் சொல்லும் சாதாரண ஆளாகிவிடுவார்.

ஆனால் எல்லாப் பிரிண்டும் ஒரே இடத்தில் அறுவதில்லை. அதனால் இரண்டு மூன்று பிரிண்டுகளைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து, ஒன்றில் இல்லாத பிரேமை இன்னொன்றிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். எவ்வளவு தேய்ந்த பிரிண்டும் இதற்கு உதவும்.

செட்டிநாட்டு வீடுகளில் பழைய ரீல் பெட்டி ஏதாவது கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் பிலிம் சிதைகிற வாடை. வெக்கையில் அந்தச் சிதைவு வேகமாகப் பரவும். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். 1950-களுக்கு முந்தைய ரீல் என்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம், ஓட்டிப் பார்க்க வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.