ஒரே ஒரு சொட்டு தண்ணி போதும் அலிகேட்டருக்கு

அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல டாம்பா ஊர்ப் பக்கம் குடிபோன வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "வீட்டுக்குப் பின்னாடி குளத்துல ஒரு அலிகேட்டர் (முதலை வகை) கட்டை மாதிரி அசையாம கிடக்குது, தூங்குதா? குழந்தைங்கள அந்தப் பக்கம் விடலாமா?"

விடாதீங்க. அப்படி பாதி முங்கிக் கிடக்குறப்போதான் அதுக்கு சுத்தி நடக்குறது நல்லாத் தெரியும். ஃப்ளோரிடாவுல இருக்குற 67 கவுண்டியிலயும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அலிகேட்டர் உண்டு, மொத்தம் சுமார் 13 லட்சம்னு சொல்றாங்க, அதனால நல்ல தண்ணி எங்க இருந்தாலும் அதுல ஒண்ணு இருக்கும்னே வச்சுக்கங்க. குளிர் ரத்தப் பிராணி, வெயில் காயும், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான்.

எனக்கு ஆச்சரியமே அதோட மூஞ்சிதான். ரெண்டு தாடையிலயும் கரும்புள்ளியா குட்டிக் குட்டி மேடு நிறைய இருக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் நரம்பு நுனிங்க, எல்லாம் முகத்துக்கு வர்ற அஞ்சாவது மூளை நரம்போட போய் சேருது. டாஃப்னி சோரெஸ்ங்கிற ஆய்வாளர் அலிகேட்டர்களை கும்மிருட்டுல தண்ணியில விட்டு, சத்தம் காதுல விழாதபடி பண்ணி, ஒரே ஒரு சொட்டு தண்ணிய மேல விட்டுப் பார்த்தாங்க. சொட்டு விழுந்த பக்கம் டக்குனு திரும்புச்சு! அந்தப் புள்ளிகளை ரப்பர் மாதிரி ஒரு பொருளால மூடினதும் திரும்பவே இல்ல. அதாவது கண்ணும் இல்ல காதும் இல்ல, தண்ணி மேல ஓடுற அந்தச் சின்ன அலைய தோலாலயே படிக்குது. 2002ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு, ஜுராசிக் காலத்துப் புதைபடிவங்கள்லயும் இதே அமைப்போட தடயம் இருக்காம். அப்புறம் 2012ல வந்த ஆய்வுல இந்தப் புள்ளிங்க நம்ம விரல் நுனிய விடவே நுட்பமா உணரும்னு தெரிஞ்சுது. எலும்பையே நொறுக்குற அதே வாயில, முட்டையிலேர்ந்து வந்த குஞ்ச ஒரு கீறல் படாம தூக்கிட்டுப் போகுது தாய்! முதலை மூஞ்சிப் புள்ளிய ஆராயுறதுக்கெல்லாம் எதுக்கு அரசாங்கக் காசுன்னு கேக்குறவங்க இருக்காங்க, கரையோரம் குடியிருக்குறவங்க உசுரு சம்பந்தப்பட்ட விஷயம் இதுலதானே இருக்கு, கொடுத்தே ஆகணும்ங்கிறது என் கருத்து.

இப்போ யோசிச்சுப் பாருங்க, நாய் கரையில குனிஞ்சு சளக் சளக்குனு தண்ணி குடிக்குது, குழந்தை கால நனைச்சு விளையாடுது, அலிகேட்டருக்கு இது இரை வந்து நிக்குதுங்கிற சேதி. பொழுது சாயுறதுலேர்ந்து விடியுற வரைக்கும் அது சுறுசுறுப்பா இருக்கும், அந்நேரம் கரைப் பக்கமே வேண்டாம், நாயை எப்பவும் கயித்துலயே வச்சிருங்க. துரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க, நேரா ஓடுங்க, நிலத்துல அது ரொம்ப தூரம் துரத்தாது. கடிச்சுப் புடிச்சுட்டா சும்மா இருக்காம அடிங்க, கத்துங்க, திமிறுங்க. ஜூன், ஜூலையில கூடு கட்டி முட்டை போட்டுட்டு தாய் பக்கத்துலயே காவல் இருக்கும், கரையோரம் செத்தைக் குவியல் தெரிஞ்சா விலகிப் போயிடுங்க.

முக்கியமா, ரொட்டி சிக்கன்னு எதையும் போடாதீங்க. அங்க அது சட்டப்படி குத்தம். மனுஷன்னா சாப்பாடுன்னு பழகிட்டா அதுக்கு பயம் போயிடும், கரையில ஆள் நின்னாலே கிட்ட வரும். அலிகேட்டர் நாலு அடி நீளத்துக்கு மேல இருந்து, ஆளுங்களுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ ஆபத்துன்னு தோணினா மாநில வனவிலங்குத் துறைக்கு போன் பண்ணலாம், லைசென்ஸ் வச்சிருக்குறவங்க வந்து புடிப்பாங்க. ஆனா புடிச்சத வேற ஏரியில கொண்டுபோய் விட மாட்டாங்க, விட்டா பழைய இடத்துக்கே திரும்பி வரப் பாக்கும்ங்கிறதால பெரும்பாலும் கொன்னுடுறாங்க.