வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லையா?

பாம்புக்கடி என்று அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குக் கடிச்சது?" சொல்லும் நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் போயிருக்கும். "வேப்பிலை கொடுத்துப் பார்த்தோம் டாக்டர், கசக்குதுன்னார். விஷம் ஏறலைன்னு இருந்துட்டோம்" என்பார்கள்.

கட்டுவிரியனின் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நாக்கின் சுவையறிவை அது தொடுவதில்லை. ஆக, மூச்சு நிற்கப்போகிறவருக்கும் வேப்பிலை கசக்கும். மிளகு காரமும் அப்படித்தான். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ அதிகம் இராது. பல் பட்ட தடமே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுபவருக்கு வாய்வுத் தொல்லை என்று சோடா கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சோ இரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டறிய 2 மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. உறைந்திருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டோம். மறுபடி மறுபடி பார்ப்போம். வேப்பிலையைப் போலவே இதற்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் நஞ்சு உடலில் எதைக் கெடுக்கிறதோ, அதையே இது நேராகச் சோதிக்கிறது.

"எங்க ஊர் வைத்தியர் எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காரே?" இது நியாயமான கேள்வி. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சேறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. அதாவது பாதிப் பேருக்காவது நஞ்சே ஏறுவதில்லை. கடித்தது நஞ்சில்லாத பாம்பாக இருந்திருக்கும். நாகமே கடித்தாலும் சில நேரம் நஞ்சை இறக்காது. இவர்கள் பச்சிலை தின்றாலும் பிழைப்பார்கள், ஒன்றும் செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். கடிபட்டவன் எரிவதைச் சுடுகாட்டு மரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று கொம்பேறி மூக்கனைப் பற்றிச் சொல்வார்கள். அதன் கடியால் மனிதருக்கு உயிராபத்து இல்லை. அதற்கு யார் எந்த மருந்து கொடுத்தாலும் அத்தனை பேரும் பிழைப்பார்கள்.

பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்லுவார். இறந்தவர் வீட்டில் "விதி முடிஞ்சது" என்று அடங்கிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வரும் பச்சிலைக் காணொளிகளிலும் பிழைத்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். கடித்தது என்ன பாம்பு, அதை யார் உறுதி செய்தது, அதே மருந்தைச் சாப்பிட்டு இறந்தவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்குப் பதில் இல்லாத காணொளியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எங்கள் மருந்தையும் இப்படிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். இங்கே நாங்கள் போடும் நஞ்சுமுறி ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித் தயாராகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். அதனால் மருத்துவமனையில்தான் போட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் கடிக்கு இது பலன் தருவதில்லை. இந்தக் குறைகளெல்லாம் எங்களுக்குத் தெரியக் காரணம், இறந்தவர்களையும் கணக்கில் எழுதுவதுதான். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்ததை அதனால்தான் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறேன்.

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். ஊர் வைத்தியர்களைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஐயா, உங்களிடம் வந்ததும் முதலில் 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் படுக்க வையுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் உடனே கேட்பார்கள்.