நியூரோஇன்ஃப்ளமேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

பார்க்கின்சன் நோய் பற்றிய செய்திகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் நியூரோஇன்ஃப்ளமேஷன். இதை ‘மூளை வீக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அதைப் படித்தால், மண்டைக்குள் நீர் கோத்துக்கொண்டதோ என்று பயந்துபோவார்கள். வீணான பயம் அது.

நியூரான் என்ற கிரேக்கச் சொல் முதலில் தசைநாணைக் குறித்தது, பிறகுதான் நரம்புக்கு ஆகிவந்தது. இன்ஃப்ளமாரே என்ற இலத்தீன் வினைக்குத் தீமூட்டுவது என்று பொருள். நம் ‘அழற்சி’யும் நெருப்பைச் சொல்லும் ‘அழல்’ வழி வந்ததுதான். ரோமானியரான செல்சஸ், முதலாம் நூற்றாண்டிலேயே அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முள் தைத்துப் பழுத்த விரலில் நான்கையும் பார்க்கலாம். பார்க்கின்சன் நோயாளிக்கு மூளைக்குள் நடக்கும் அழற்சி அப்படி வெளியே தெரியாது. வலிக்கவும் செய்யாது, மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகளே கிடையாது.

சரி, உள்ளே நடப்பது என்ன? நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி இருக்கிறது. உடலசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் அழிகின்றன. இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்த பேட்ரிக் மெக்கீர் குழு, அதே இடத்தில் மைக்ரோகிளியா செல்கள் கிளர்ந்து நிற்பதை 1988-இல் காட்டியது. இவை மூளையின் காவல் செல்கள். செத்த செல்களிலிருந்து கசியும் கருநிறமியும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத் திரள்களும் இவற்றை உசுப்பிவிடும். உசுப்பப்பட்டவை சைட்டோகைன்கள் என்ற அழற்சி தூண்டும் புரதங்களை உமிழும். அதில் பக்கத்துச் செல்களும் பாழாகும்.

மரபணுவும் இங்கே வந்து சேர்கிறது. எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றத்துக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு 2004-இல் தெரியவந்தது. இந்த மரபணு நோயெதிர்ப்புச் செல்களிலும் வேலை செய்கிறது. குடலில் அழற்சி உண்டாக்கும் க்ரோன் நோயோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் வருவதில்லை. பெரும்பாலான நோயாளிகளிடம் இப்படி ஒற்றை மரபணுக் காரணம் எதுவும் காணப்படுவதுமில்லை. ஆகவே பொத்தாம்பொதுவாக ‘பரம்பரை நோய்’ என்று எழுதுவதும் தவறு.

தமிழில் ‘நரம்பழற்சி’ என்றால் நியூரைட்டிஸ், ‘மூளையழற்சி’ என்றால் என்செஃபலைட்டிஸ். இரண்டுமே வேறு நோய்கள். ‘நரம்புத்திசு அழற்சி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பொதுவாசகருக்கு எழுதும்போது ‘மூளைத் திசுவில் நாள்பட்ட அழற்சி’ என்று விரித்தே எழுதிவிடலாம்.