காப்பி எடுத்த நிரல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கும்பகோணத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "மேட்டூர் நீர்மட்டத்தை வைத்து பைத்தான் நிரல்மொழியில் ஒரு பயிற்சி நிரல் எழுதினேன். நன்றாக ஓடுகிறது. அதிலிருந்து நாலு வரியை மட்டும் காப்பி எடுத்து வேறு ஃபைலில் போட்டால் பிழை காட்டுகிறது. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையே?"

எழுத்தில் கோளாறு இல்லை. வரிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை பைத்தான் அந்த ஸ்பேஸ்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். இதற்காகவே எடிட்டர்களில், அதாவது நிரல் எழுதும் மென்பொருள்களில், சின்னச் சின்ன பிளகின்கள் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) உண்டு. காப்பி எடுக்கும்போதே தேவையற்ற ஸ்பேஸ்களைக் கழித்துவிடும்.

அவருடைய நாலு வரிகளைப் பார்ப்போம். நீர்மட்டத்தை வாங்கும் வரி 8 ஸ்பேஸ் தள்ளி நிற்கிறது. '90 அடிக்கு மேல் இருந்தால்' என்னும் இஃப் வரியும் 8. 'குறுவைக்குத் தண்ணீர் உண்டு' என்று அச்சிடும் வரியும், தேதியைக் குறிக்கும் வரியும் 12. பிளகின் இவற்றில் மிகச் சிறியதான 8-ஐ எடுத்து எல்லா வரியிலும் கழிக்கிறது. 0, 0, 4, 4 என்று ஆகிறது. வரிகளுக்கு இடையிலான உறவு அப்படியே இருக்கிறது. வெற்று வரிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவ்வளவுதானா என்றால், இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

நாம் யாரும் மவுஸை வரியின் ஓரத்திலிருந்து இழுப்பதில்லை, முதல் எழுத்திலிருந்துதான் இழுக்கிறோம். அதனால் முதல் வரியின் 8 ஸ்பேஸ் வெளியே நின்றுவிடுகிறது. கையில் கிடைப்பது 0, 8, 12, 12. இரண்டாம் வரி எதற்குள்ளும் அடங்காமலே உள்ளே தள்ளி நிற்கிறது; மாணவிக்கு வந்த பிழை இதுதான். இப்போது சிறியது 0 என்பதால் பிளகின் கழிக்க எதுவுமில்லை.

சரி, முதல் வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கணக்கிடலாமே? இங்கே சரிவரும். ஆனால் இஃப் வரியிலிருந்து மூன்று வரியை மட்டும் எடுத்தால் கிடைப்பது 0, 12, 12. முதல் வரியை விட்டுக் கணக்கிட்டால் 12 கழிந்து 0, 0, 0 ஆகிவிடும். இஃப்புக்குள் இருக்கவேண்டியது வெளியே வந்து விழும். அப்படியே விட்டிருந்தால்கூட ஓடியிருக்கும்!

நல்ல பிளகின் ஊகிக்காது, மூல ஃபைலையே திரும்பிப் பார்க்கும். நாம் மவுஸால் தேர்ந்தெடுத்த பகுதி எந்த வரியில், எத்தனையாவது இடத்தில் தொடங்கியது என்று எடிட்டருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு இடப்பக்கம் வெறும் ஸ்பேஸ்தான் என்றால், அந்தப் பகுதியை வரியின் ஓரம்வரை நீட்டிவிடும். 8, 12, 12 கிடைக்கும். கழித்தால் 0, 4, 4. காப்பி எடுத்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டுக்குப் போனபின் இது முடியாது, ஏனென்றால் முதல் வரி எங்கே நின்றது என்ற தகவல் அங்கே போவதே இல்லை. பேஸ்ட் செய்யும் இடத்தில் எவ்வளவு கெட்டிக்கார மென்பொருள் இருந்தாலும் அந்த 8-ஐ அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கல்லூரி லேப்களில் 'காப்பி அடித்த நிரல் ஓடாது, கையால் அடித்தால்தான் ஓடும்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கையால் அடிக்கும்போது ஸ்பேஸ்களையும் புதிதாக, சரியாக வைக்கிறோம்; அதனால்தான் ஓடுகிறது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். விஎஸ் கோடு என்னும் எடிட்டரில் வெற்றிடங்களைக் காட்டும் வசதியைப் போட்டால் ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். அப்புறம், இரண்டும் கலந்திருந்தால் முதலில் ஒன்றாக மாற்றிவிடுங்கள். திரையில் ஒரே அகலமாகத் தெரிந்தாலும் ஒரு டேப்பும் 8 ஸ்பேஸும் வேறு வேறு எழுத்துகள். அவற்றுக்குள் பொதுவாகக் கழிக்க ஒன்றுமே இருக்காது.