ஓடுகிறவரோடு ஊரும் தெரியட்டும்

ஓட்டப் பந்தயங்களைப் படமெடுப்பதே என் தொழில். தொடக்க காலத்தில் எடுத்த படங்களை இன்று பார்க்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில், ஒளி புகும் துளையை எஃப் 2.8 வரை அகலத் திறந்து எடுத்த அந்தப் படங்களில் நெற்றி வியர்வையும் மார்பு எண்ணும் துல்லியமாக இருக்கின்றன. பின்னணி முழுவதும் கரைந்துவிட்டதால், எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாரத்தானின் 42.195 கி.மீ. தூரமே ஊரின் அமைப்பிலிருந்து வந்ததுதான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த மாடத்தின் முன் முடிந்த அந்தப் பாதையின் நீளம், 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

ஆகவே, முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடுகிறவர் தாமாக அங்கே வந்து சேருவார். முந்தைய நாள், பந்தயம் நடக்கும் அதே நேரத்தில் பாதையை நடந்து பார்த்தால், வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்த மேட்டில் வேகம் குறையும், எந்தத் திருப்பத்தில் வீடுகளும் மனிதர்களும் ஒரே சட்டகத்துக்குள் அடங்குவர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். 24 முதல் 35 மி.மீ. வரையிலான அகன்ற லென்ஸ், பின்னணியும் தெளிவாக விழத் துளையைக் குறுக்கி எஃப் 8, ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்று வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். அதனால் படத்தில் சற்றே புள்ளி விழுந்தாலும் ஊர் தெரிகிற படமே மேல் என்பது என் கருத்து.

ஒரு பந்தயத்தில், வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், செடிக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் அழுத்தி, ஓடுகிறவர்கள்மேல் தூவிக்கொண்டிருந்தார். நனைவதற்காகவே பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி வந்தார்கள் பலர். அன்று முதலில் வந்தவரின் படத்தைவிட, ஈரக் கையை உயர்த்தி அந்த முதியவருக்கு நன்றி சொன்ன ஒரு பெண்ணின் படத்தையே ஊரார் அதிகம் கேட்டு வாங்கினார்கள்.

அகன்ற லென்ஸ் நம்மை நெருங்கிப் போகத் தூண்டும் என்பதால் எச்சரிக்கை மிக அவசியம். நான் ஒரு முறை பாதைக்குள் ஓரடி வைத்ததால், ஒருவர் விலகி ஓட வேண்டியதாகித் தடுமாறினார். அதன் பிறகு தடுப்பைத் தாண்டியதே இல்லை. விடியல் இருட்டில் நேருக்கு நேர் பிளாஷ் அடிப்பது கண்ணைக் கூசவைத்து அடுத்த அடியைத் தவறவைக்கும். மயங்கி விழுந்தவரை எடுக்காதீர்கள், உதவிக்கு ஆள் அழையுங்கள்.

கடைசி ஓட்டக்காரர் கடக்கும்வரை காத்திருங்கள். தடுப்புகளை அகற்றிக்கொண்டிருந்தவர்கள், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவருக்காகக் கைதட்டும் காட்சி அப்போதுதான் கிடைக்கும்.