பழைய செடான் காருக்குப் புது டயர்: அகலத்தைக் கேட்பதற்கு முன்

போன ஆனி மாதம் எங்கள் வீல் அலைன்மெண்ட் கடைக்கு ஒரு ஹூண்டாய் ஆக்சென்ட் வந்தது. 2006 மாடல். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை ஷோரூமிலிருந்து எடுத்த நாள் முதல் வேறு யார் கையிலும் கொடுக்காமல் ஓட்டி வருகிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுழன்று அடிக்கும் காலம் அது. கோவையிலிருந்து பாலக்காடு போகும்போது எண்பதைத் தாண்டினால் வண்டி நேராக நிற்பதில்லை என்பது அவர் புகார்.

"லாரி ஒண்ணு தாண்டிப் போனா வண்டி ஒதுங்கிப் போயிருது தம்பி. அலைன்மெண்ட் ரெண்டு எடத்துல பார்த்தாச்சு. மெஷின்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டுதுங்கறாங்க."

குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் 195/60 ஆர்14 டயர், யாரோ கழற்றி விற்ற 14 அங்குல அலாய் வீலில் மாட்டியிருந்தது. அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 175/70 ஆர்13.

"இது யார் சார் போடச் சொன்னாங்க?"

"அகலமா இருந்தா ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்னு சொன்னாங்க."

கவ்விப் பிடிக்கும் என்ற இந்த வார்த்தையை 24 வருடமாக வாரம் தவறாமல் கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். புது வண்டி எல்லாம் அகல டயரில் வருவதைப் பார்க்கிறோம், அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வண்டிகளின் எடை வேறு, சஸ்பென்ஷன் வேறு, ஸ்டியரிங் அமைப்பு வேறு. ஆக்சென்ட், எஸ்டீம், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி போன்றவை சுமார் ஒரு டன் எடைக்குள் அடங்கும் வண்டிகள். மெல்லிய டயர், உயரமான சைடுவால் (டயரின் பக்கச்சுவர்), மென்மையான ஸ்பிரிங் என்ற கணக்கில் அவற்றை வடிவமைத்தார்கள். அந்தக் கணக்கில் டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அதன் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். அதே எடை, அதே காற்று என்றால் அகல டயர் போட்டதும் அந்தப் பரப்பு பெரிதாக வளர்ந்துவிடாது. குறுக்கே அகலமாகி, நீளத்தில் குறுகிவிடும். காய்ந்த ரோட்டில் வளைவில் திருப்பும்போது இதனால் கொஞ்சம் நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அகல டயர் தன் முன்னால் இருக்கும் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். எடை குறைந்த வண்டிக்கு அது கடினம். ஐப்பசி அடைமழையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப் போனால் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிட்டது என்று பொருள்.

ஆசிரியரின் வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. அந்த அலாய் வீலின் ஆஃப்செட் வேறு. சக்கரம் அதன் இடத்தைவிட வெளியே தள்ளி நின்றது. ஸ்டியரிங் எந்தப் புள்ளியை மையமாக வைத்துத் திரும்புகிறதோ, அந்தப் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் அதனால் மாறிவிடும். லாரிகள் அழுத்திய பள்ளக் கோடு ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். அலைன்மெண்ட் மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. டோ (சக்கரம் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு), கேம்பர் (சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு) என்ற கோணங்கள் சரியாக இருந்தால் அதற்குப் பச்சைதான்.

அளவுக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 175/70 ஆர்13 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 122.5. இரண்டு பக்கத்துக்கும் 245. ரிம் 13 அங்குலம், 330.2 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 575 மில்லிமீட்டர். 195/60 ஆர்14-க்கு இதே கணக்கு 589.6 காட்டும். இரண்டரை சதவீதம் பெரிய சக்கரம். ஸ்பீடோமீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது முன்பைவிட இரண்டரை கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள். எஞ்சின் இழுவை அதே அளவு குறையும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் ஃபெண்டர் உரசவும் கூடும்.

ஒரிஜினல் 13 அங்குல ரிம்மிலேயே 185/70 போடுகிறவர்களும் உண்டு. ரிம் ஏற்றுக்கொள்ளும், விட்டம் 589 ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பார்க்கிங் எடுக்கும்போது தோள்பட்டை அந்த வித்தியாசத்தைச் சொல்லும். 14 அங்குலம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு விட்டத்தில் பொருந்துவது 185/60 ஆர்14. 577.6 மில்லிமீட்டர், வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டருக்குள். ஆனால் சைடுவால் 11 மில்லிமீட்டர் குறைகிறது. நம் ஊர்க் குழியில் அந்த 11 மில்லிமீட்டர்தான் ரிம் நெளியாமல் காப்பாற்றும். போல்ட் துளை வட்டம் 100 மில்லிமீட்டரா 114.3 மில்லிமீட்டரா, நடுத்துளை ஹப்பில் இறுகப் பொருந்துகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்து அதற்கான வளையம் போடாமல் விட்டதால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும் வண்டிகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் முந்தைய கடைகளில் மூன்று நான்கு முறை பேலன்சிங் செய்து முடித்திருப்பார்கள்.

கழற்றிய டயரை உடனே ஓரமாக எறிய விடாதீர்கள். வண்டியின் உடம்பில் என்ன கோளாறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் மொட்டையானால் கேம்பர் அல்லது டோ. பட்டன் மேல் கையை இப்படித் தடவினால் வழுக்கிக்கொண்டும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போலவும் இருந்தால் டோ கோளாறு என்று அநேகமாக உறுதி. சுற்றிலும் விட்டு விட்டுக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது அல்லது பேலன்சிங் இல்லை. இதைப் படிக்காமல் புது டயரை மாட்டினால் புது டயரும் அதே மாதிரி தேயும். எட்டாயிரம் கிலோமீட்டரில் ஓரம் மொட்டையான புது டயரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரியும்.

ஆகவே பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு டயர் வாங்கும் முன் ஒரு மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்), பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர். ரப்பர் புஷ் ஓடாமல் நின்றாலும் காய்ந்து வெடிக்கும். ஆசிரியரின் வண்டியில் இரண்டு லோயர் ஆர்ம் புஷ்ஷும் கிழிந்து தொங்கின. நிற்கும்போது கோணம் சரியாகத்தான் இருக்கும். பிரேக் பிடித்தாலோ காற்று தள்ளினாலோ ஆர்ம் நகர்ந்து கோணம் மாறிவிடும். பச்சை காட்டிய மெஷினுக்கும் அலையும் வண்டிக்கும் இடையில் இருந்த ரகசியம் பாதி இதுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த மாதிரிப் பழைய முன்சக்கர ஓட்ட வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் திருத்த வசதி டோ ஒன்றுக்கு மட்டும்தான். கேம்பர் தவறியிருந்தால் எங்கோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக் வைத்து ஸ்ட்ரட்டை வளைத்து அளவுக்குக் கொண்டுவந்து அதைக் கேம்பர் கரெக்‌ஷன் என்று பில் போடுவார்கள். வேண்டாம். கெட்ட பாகத்தை மாற்றச் சொல்லுங்கள். வளைத்த இரும்பு அப்படியே நிற்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ் கிடையாது. சறுக்கலைப் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் துணை எதுவும் கிடையாது. டயர் எந்த இடத்தில் பிடியை விடுகிறது என்பதைவிட எப்படி விடுகிறது என்பது அதனால் முக்கியமாகிறது. உயரமான சைடுவால் உள்ள டயர் வளைவில் முதலில் சாயும், முனகும், பிறகுதான் விடும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த முனகல்தான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. சைடுவால் விறைத்த ஸ்போர்ட்ஸ் டயரைத் தளர்ந்த புஷ் உள்ள பழைய வண்டியில் போட்டால் ஸ்டியரிங் முதல் ஓர் அங்குலம் கூர்மையாகத் தோன்றும், பிறகு உடம்பு பின்னால் வந்து சேரும். இரண்டும் ஒத்துப்போகாது. அதேபோல் மைலேஜ் மட்டுமே பார்த்துக் கடினமான ரப்பர் டயர் வாங்காதீர்கள். வருடம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் எதற்கு? அது தேயும் முன்பே வயதாகி இறுகிவிடும். ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும் வகையைக் கேளுங்கள்.

வயது என்றதும் 13 அங்குல டயருக்கே உரிய ஒரு சிக்கல். இப்போது அந்த அளவில் புது வண்டிகள் அரிதாகிவிட்டன. விற்பனை மெதுவாக இருப்பதால் சில கடைகளில் டயர் மாடியிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். சைடுவாலில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துக்குப் பின் வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் மறைந்துபோகலாம், அதனால் மாட்டும் முன்பே பாருங்கள். ஒரு வருடத்துக்குள் தயாரானதைத்தான் நான் கேட்டு வாங்குவேன். வெயில் படாமல் வைத்த இரண்டு வருட டயரை ஒதுக்கத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வண்டியில் மாட்டி ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கொரு முறை கழற்றி உள்பக்கமும் வெடிப்புப் பாருங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

அளவுக்குப் பக்கத்தில் 82டி (82T) என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை, எஸ் 180, எச் 210. கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. கையில் இரண்டுக்குத்தான் பணம் என்றால் ஒரே அச்சில் ஒரே ரக ஜோடி, புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது என்று எல்லோரும் மறுப்பார்கள். மழையில் முன்பக்கம் சறுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் சறுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்த நம்மில் பலருக்கும் பழக்கம் கிடையாது. பட்டனுக்கு நடுவே உள்ள மேடு 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டும். மழைக்காலம் வரும்போது மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடச் சொல்வது என் வழக்கம்.

அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 5.90-15, 5.20-14 எல்லாம் கிராஸ் பிளை (உள்ளே நூலடுக்குகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய டயர்) காலத்து அளவுகள். நூலடுக்கு விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியலுக்கு மாறினால் வண்டி நேராக ஓடும், நான்கும் ரேடியலாக இருக்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது ஆபத்து. பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரின் விளிம்பைத் தாங்கும் மேடு கிடையாது, ரேடியலுக்கான டியூப் போட்டே ஓட்டுங்கள்.

ஆசிரியரின் வீட்டுப் பரணில் பழைய 13 அங்குல இரும்பு ரிம் நான்கும் பத்திரமாக இருந்தன. துரு சுரண்டிப் பெயின்ட் அடித்து, புஷ் மாற்றி, புதிய 175/70 மாட்டினோம். டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று வைத்தோம், டயர் குளிர்ந்திருக்கும்போது. முதல் 300 கிலோமீட்டர் வேகமும் திடீர் பிரேக்கும் வேண்டாம், புது ரப்பரின் மேல் பூச்சு போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் காலையிலேயே வந்துவிட்டார், பாலக்காடு போய்த் திரும்பிய தூசியோடு.