அட்வான்ஸ் வாங்கினா புள்ளையத் தறிக்கு அனுப்பணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லைங்க

திரும்பவும் அதே மாதிரி ஒரு கேஸ். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறி ஓட்டறவரு, வீட்டம்மா ஆபரேஷனுக்கு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்காரு, அப்புறம் முதுகுவலி வந்து நைட் ஷிப்ட் ஓட்ட முடியல, இப்ப ஏழாவது படிச்சிட்டிருந்த பையன் ஸ்கூலை விட்டு நின்னு அதே பட்டறையில தார் (ஊடை நூல்) சுத்தறான். அவரு என்கிட்ட வந்தது பையனை வெளிய எடுக்கறதுக்கு இல்ல. "ஓனர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேங்கறாருங்க மேடம், கொஞ்சம் டைம் மட்டும் வாங்கிக் குடுங்க"ன்னு கேக்கறதுக்கு. அவரு மேல எனக்கு கோவம் இல்ல. இவ்வளவு வருஷமா இதை அவருகிட்ட ஒருத்தரும் சொல்லலையேன்னுதான் ஆத்திரம்.

கொத்தடிமைன்னு சொன்னதும் செங்கல் சூளையில அடைச்சு வெச்சு அடிக்கறதுதான்னு நினைச்சுக்கறாங்க, படிச்சவங்களும் அப்படித்தான், சில அதிகாரிங்களும் அப்படித்தான். பூட்டெல்லாம் தேவையே இல்லைங்க. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் முன்பணம் வாங்கின ஒரே காரணத்துக்காக வேற தறிக்குப் போகக்கூடாது, ஊரை விட்டு நகரக்கூடாது, இல்ல கூலியே இல்லாம, பேருக்கு ஏதோ கூலிக்கு ஓட்டணும், இதுல ஒண்ணு இருந்தாலே போதும். குறைஞ்சபட்ச கூலிக்குக் கீழ வேலை வாங்கறதே அரசியல் சட்டம் 23வது பிரிவு தடுக்கற கட்டாய உழைப்புதான்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டட வேலை பாத்தவங்க கேஸ்ல.

அப்படிப்பட்ட கடன் சட்டப்படி செத்துப்போன கடன். வட்டி மட்டும் இல்ல, அசலும்தான். புரோநோட்டு இருக்கட்டும், வெத்து முத்திரைத்தாள்ல கையெழுத்து இருக்கட்டும், அதை வெச்சு எந்த கோர்ட்லயும் வசூல் பண்ண முடியாது. அதுக்கு மேலயும் காசு வாங்கினா வாங்கினவருக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் ஜெயில். இது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியதும் ஓனர்தான், நீங்க இல்ல. அதுக்காக எல்லா கைமாத்தையும் இதுல சேத்துடாதீங்க. நியாயமான கூலி குடுத்து, வேற இடத்துக்குப் போகவும் விட்டுட்டுக் கேட்டா அது சாதாரண கடன், திருப்பித்தான் தரணும். அதுக்கும் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட், போலீஸ் ஸ்டேஷன் இல்ல.

"வீட்டுத் தொழில்தானே மேடம், சட்டமே விட்டிருக்கே"ன்னு அடுத்து ஒரு கேள்வி வரும். 2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல திருத்தம் பண்ணி 14 வயசுக்குக் கீழ எல்லா வேலைக்கும் தடை போட்டுட்டு, ஸ்கூல் முடிஞ்சும் லீவுலயும் குடும்பத் தொழில்ல உதவலாம்னு ஒரு சந்து விட்டாங்க. அந்தச் சந்தே தப்புன்னு அப்பவே சண்டை நடந்துச்சு, நானும் தப்புன்னுதான் சொல்றேன். ஆனா அந்தச் சந்துல கூட இது நுழையாது. ஓனர் தறி உங்க தொழில் இல்ல. செவ்வாப்பேட்டையில இருந்து வெள்ளி வாங்கிட்டு வந்து கூலிக்குக் கொலுசு பத்த வெச்சு ஒட்டறதும் உங்க தொழில் இல்ல. ஏற்காட்டுல காப்பி பழம் பறிக்கற சீசன்ல புள்ளையக் கூட்டிட்டுப் போறதும் அப்படித்தான். வேலைக்கு வெச்சவருக்கு 6 மாசத்துல இருந்து 2 வருஷம் ஜெயில், 20,000ல இருந்து 50,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

இப்ப புதுசா ஒண்ணு கிளப்பி விடறாங்க, புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) வந்து பழசெல்லாம் போயிடுச்சாம். 2025 நவம்பர்ல நாலு கோடு அமலுக்கு வந்தது நிஜம், 29 சட்டம் அதுக்குள்ள போனதும் நிஜம், ஆனா கொத்தடிமைச் சட்டமும் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதுல இல்ல. ரெண்டும் உயிரோடதான் இருக்கு.

சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, உங்க கோட்டம் எதுவோ அங்க கோட்டாட்சியர்கிட்ட எழுதி மனு குடுங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, கையெழுத்தோட நகல் வாங்குங்க. விசாரிச்சு விடுதலைச் சான்று தரணும், உடனடி உதவியா 30,000 வரைக்கும் உண்டு. மறுவாழ்வுத் தொகை முழுசா வரணும்னா ஓனருக்குத் தண்டனை ஆகணும்னு வெச்சிருக்காங்க, கேஸ் முடியறதுக்குள்ள குடும்பமே ஓய்ஞ்சுடும், இதை மாத்தணும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும். கணக்கு நோட்டை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. வக்கீலுக்குக் காசு இல்லைன்னு சும்மா உக்காராதீங்க, பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் கட்டாய வேலையில சிக்கினவங்களுக்கும் இலவச சட்ட உதவி இருக்கு, 15100க்கு போன் போடுங்க.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு புள்ள தொடர்ந்து வரலைன்னா "நீண்ட விடுப்பு"ன்னு எழுதி மூடிடாதீங்க, வீட்டுல கேளுங்க, பட்டறைன்னு தெரிஞ்சா அன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க. உங்க பேரை வெளிய சொல்ல வேண்டியதில்லைங்க.